தலைகீழாகப் போட்ட அம்புக்குறி

என் ஆசை என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. நீங்கள் கண்மூடிய பிறகு புதிதாகப் பழகவும் மனம் வரவில்லை. இங்கே விடாத மழை. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஷேர் ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது, ஒரகடம் கிடங்குக்கு நனைந்துகொண்டேதான் போனேன். நம் யாழினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்புறம், ரெஜினா வந்திருந்தாள்.

அவளை எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களோடு கடலாராய்ச்சிக் கப்பலில் வேலை பார்த்தவள் என்பதைத் தவிர அவள் ஒரு பாவமும் செய்யவில்லை. ஆனால் நடுக்கடலில் நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள், என்ன பாட்டு முணுமுணுப்பீர்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வீடு திரும்பிய மனிதர்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவளைவிட நீங்கள் ஆராய்ந்த அந்தக் கடற்சேற்றின்மேல்தான் எனக்குப் பொறாமை அதிகம். கடலுக்கடியில் சரிவு இருக்கிறது, அதில் வண்டல் சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் மொத்தமாகச் சரிந்து வெகுதூரம் ஓடிப் படியும் என்பீர்கள். குழாயில் தண்ணீர் கலங்கி வந்த அன்று, அரிசி கழுவ நான் காத்துநிற்க, நீங்கள் அதை டம்ளரில் பிடித்து வேடிக்கை பார்த்தீர்கள். மணல் முதலில் இறங்கிற்று, மெல்லிய சேறு மெதுவாக அதன்மேல் படிந்தது. கடலடிச் சரிவும் இப்படித்தான் படியும் என்று உங்கள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. என் முகத்தை ஒருநாளாவது அப்படிப் பார்த்திருப்பீர்களா?

கடலடியில் குழாயை இறக்கி எடுத்த அந்தச் சேறு, நான் வேலை பார்க்கும் குளிர்பதனக் கிடங்கிலேயே ஓர் அறையில் வந்து உட்கார்ந்துகொண்டது. உங்கள் அலுவலகம் வாடகைக்கு எடுத்த அறை, சாவி என் பொறுப்பு. ஒருபக்கம் ஐஸ்கிரீம், மறுபக்கம் என் சக்களத்தி. அப்புறம் திறக்கலாம் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த குழாயைத் திறக்கத்தான் ரெஜினா வந்தாள். உங்கள் கை கடைசியாக மூடியதை அவள் கை திறப்பதா? சாவியைக் காணோம் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. திறந்துவிட்டேன்.

குழாயை நீளவாக்கில் அறுத்து, மெல்லிய கம்பியால் சேற்றை இரண்டாகப் பிளந்தாள். உங்கள் வழக்கம்தானே, ஒரு பாதி வேலைக்கு, மறு பாதி யாரும் தொடாமல் பத்திரமாக. பிளந்தவள் அப்படியே நின்றாள். மேல்பக்கம் இது என்று நீங்கள் அம்புக்குறி போட்ட முனையில் பருமணல், மென்சேறெல்லாம் கீழே. குழாயின் மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள். எனக்குத் தெரியாத உங்களைப் பற்றி இன்னுமொரு கதை வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"அக்கா, பொண்ணு பொறந்துருக்குன்னு கப்பலுக்குச் சேதி வந்த அன்னிக்கு எடுத்தது இது. சமையக்காரரு வரைக்கும் தேடிப் போயி சொல்லிகினு இருந்தாரு. கை நடுங்கிச்சு. சார் தலைகீழா மார்க் பண்ணிட்டாரு."

அன்று ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் நான் குழந்தையோடு தனியாகக் கிடந்தேன். இரைச்சலுக்கு நடுவே போனில் நீங்கள் சொன்னது, "சரி, சரி, இங்க வேல இருக்குது." அந்த வார்த்தையை இத்தனை வருடமும் நெஞ்சில் வைத்துக்கொண்டு சேற்றைச் சபித்திருக்கிறேன். நடுங்கியதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் அழுதுவிடுவீர்கள் என்றா?

ரெஜினா பஞ்சை நனைத்து அம்புக்குறியைத் துடைக்கப் போனாள். நான் தடுத்தேன்.

"அத்த அழிக்காத. ஒரு கோடு போட்டுட்டு, பக்கத்துல சரியா எழுது."

கிடங்கிலும் தப்பை அழிக்கக் கூடாது என்பதுதான் விதி. அவள் கோடு போட்டு, சரியான அம்பைப் பக்கத்தில் வரைந்தாள். நான் அதனடியில் கையெழுத்துப் போட்டேன். நம் கல்யாணப் பதிவுக்குப் பிறகு உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் என்னுடையது இதுதான்.

வேலைக்கான பாதியை ரெஜினா எடுத்துப் போனாள். போகட்டும், அவளுக்கு அது போதும். அம்புக்குறி உள்ள பாதி என்னிடம் இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கும்வரை அதை ஒருத்தியும் தொட மாட்டாள். இந்த ஞாயிறு யாழினிக்கு ஸ்வெட்டர் போட்டு அழைத்துப்போய்க் காட்டுவேன். நீ பிறந்த அன்று உன் அப்பாவுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் போயிற்று என்று சொல்வேன்.

இப்படிக்கு,
பத்திரமாக வைத்த பாதிக்குச் சொந்தக்காரி,
யாழினியின் அம்மா,
உங்கள் தேவகி