யாரும் தொடாமல் போன முட்டி

அன்புள்ள மச்சான்,

நீ போய் மூன்று வருஷமாகிறது. உன் முட்டி போன கதையை மட்டும் நான் சாகவிடவில்லை. தாமல் அணிக்காரர்கள் ஏழு பேர் உன் மேல் விழுந்தார்கள் என்று பிள்ளையார்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு அது ஒன்பது பேராகிவிட்டது. கபடியில் ஒரு பக்கம் ஏழு பேர்தானே என்று கேட்க எவனுக்கும் தைரியம் வரவில்லை.

இப்போது உன் மகள் ரேவதிக்கும் முட்டியில் வம்பு வந்திருக்கிறது. அவளும் கபடிதான் ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கபடி பாடி எதிரணிப் பக்கம் போய்ச் சட்டென்று திரும்பும்போது அவள் முட்டி உள்பக்கம் சாய்கிறது என்று ஒரு பிசியோதெரபி அம்மா கண்டுபிடித்து, என்னையும் வரச்சொன்னார். நான் ஆறாவதோடு நின்றவன்தான். ஆனால் எலும்பு விஷயத்தில் டாக்டர்களே என்னிடம் யோசித்துத்தான் பேசுவார்கள்.

"வீட்ல யாருக்காவது முட்டி போயிருக்குதா?" என்றார் அந்த அம்மா.

"இவங்கப்பாவுக்கு. ஒம்போது பேரு மேல வுழுந்தாங்கம்மா. இல்லன்னா போவுமா? தறி மிதிச்ச காலு அது."

"மிதி மேலயும் கீழயும்தாங்க போவுது. முட்டிக்குத் திரும்பற பழக்கம் அதுல வராதுங்க," என்றார் அவர்.

"மாமா, கொஞ்சம் கொறச்சிக்கினு சொல்லு," என்றாள் ரேவதி. "அப்பாவ யாருனா தொட்டாங்களா, இல்லியா? எனக்கும் அப்படி ஆவுமான்னு தெரியணும்பா."

தறிக்காரன் கால் தானாகப் போனது என்று சொல்ல வெட்கப்பட்டுத்தானே நீயும் நானும் தாமல்காரர்களை உன் மேல் தள்ளினோம்? இப்போது என்ன செய்வேன், சொல்லு.

"யாரும் தொடல," என்றேன். "ஓடிப்போயி சடார்னு திரும்பனாரு. பாதம் மண்ண புடிச்சிக்கினு நின்னுச்சி, ஒடம்பு மட்டும் திரும்பிச்சி. படக்னு ஒரு சத்தம்." ஓரிக்கை வரை கேட்டது என்று சேர்க்க வந்தேன். சேர்க்கவில்லை.

அன்றிலிருந்து ரேவதி வேறு மாதிரி திரும்பிப் பழகுகிறாள். திரும்புவதற்கு முன்னால் இரண்டு மூன்று சின்ன அடி. இடுப்பைத் தாழ்த்தி, முட்டியை மடக்கி, பாதமும் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். நேற்று இருபது தடவை திரும்பினாள். இரண்டு தடவை முட்டி சாய்ந்தது. எண்ணிக்கையில் நான் கை வைக்கவில்லை.

நாளைக்கு அந்த அம்மா பார்த்துச் சொல்வார். போகலாம் என்றால் நானே வண்டியில் கூட்டிப்போகிறேன். வேண்டாம் என்றால், அவள் எவ்வளவு அழுதாலும் களத்தில் விடமாட்டேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு. உனக்கு அன்றைக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்லை, மச்சான்.

இப்படிக்கு,
ரேவதியின் தாய்மாமன்