வளைகாப்பு மேடையில் நான் முழங்கியது

செஞ்சி,
ஐப்பசி 3

அன்பு மகள் மணிமொழிக்கு,

ஓசூரில் நீயும் மாப்பிள்ளை பிரசாந்தும் குழந்தை வளவனும் நலந்தானே? இங்கே மழை தொடங்கிவிட்டது. நான் சொல்ல வந்தது தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்திதான். ஆனால் வாய் திறந்தால் என் குரல் தானாகவே மேடையேறிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஆவணிக் கடைசியில் நம் தெரு எழிலரசனின் மனைவி கலைமதிக்கு நடந்த வளைகாப்பில் நான் ஆற்றிய வாழ்த்துரையின் காணொளியை உனக்கு அனுப்பியிருந்தேன். "தாய்மைக்கு எதற்குத் தடுப்பூசி? கருவுக்கு எதற்குக் கலப்படம்?" என்று முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது. வீடு வீடாகச் செல்லும் செவிலியர் தைலம்மாள் பந்தியில் அமராமல் என்னிடம் வந்தார். "இன்னா அய்யா இப்டி பேசிட்டீங்க? நான் நடையா நடந்து சொன்னத ஒரே கைதட்டல்ல கெடுத்துட்டீங்களே" என்றார். நான் சிரித்துக்கொண்டே, அம்மையாருக்கு இலை போடச் சொன்னேன்.

மறுநாள் போட்டுக்கொள்ள இருந்த சளிக்காய்ச்சல் தடுப்பூசியைக் கலைமதி போட்டுக்கொள்ளவில்லை. அதிலிருந்து இருபத்திரண்டாம் நாள் அதே காய்ச்சல் கண்டது. மூச்சுத் திணறவே விழுப்புரத்துக்குக் கொண்டு சென்றார்கள். எட்டாம் மாதத்திலேயே பிறந்த பெண் குழந்தை இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தாய் இப்போதுதான் தானாக மூச்சுவிடுகிறாள்.

மருத்துவர் அம்மையாரிடம் கேட்டேன். ஊசி போட்டிருந்தால் காய்ச்சலே வந்திராது என்று உறுதி கூற இயலாது, ஆனால் இவ்வளவு முற்றியிருக்க வாய்ப்புக் குறைவு என்றார். கருவுற்றோருக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. பல்லாண்டுகளாக ஆராய்ந்து பார்த்தே போடுகிறார்கள். கைவலியோ ஓரிரு நாள் காய்ச்சலோ வரலாம் என்றார். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாதாம். தாய் போட்டுக்கொண்டால் அந்தக் காப்பு பிள்ளைக்கும் சேருமாம். இவற்றையெல்லாம் நான் மேடையேறுமுன் கேட்டிருக்க வேண்டும்.

எழிலரசன் என்னை ஏசவில்லை. "அய்யா, அந்தச் சேதிய எங்க படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டான். எங்கும் படிக்கவில்லை, மகளே. யாரோ கைப்பேசியில் அனுப்பிய நான்கு வரி. மோனை அழகாகப் பொருந்தி வந்தது; பேசிவிட்டேன்.

இப்போது தைலம்மாளோடு நானும் தெருத்தெருவாகச் செல்கிறேன். அருகிலுள்ள அனந்தபுரத்தில் ஒரு பெண், "அன்னிக்கு வேணாம்னாரு, இன்னிக்கு போடுன்றாரு. அய்யாவுக்கு கவர்மெண்ட்டு இன்னா குடுத்துச்சாம்?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். நாங்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினோம்.

சென்ற வாரம் நீ பேசியதுதான் என்னை விடுவதாயில்லை. "ஊசி போட நர்ஸ் கூப்டாங்க நைனா. உங்க வீடியோவையே காட்டிட்டு வந்துட்டேன்" என்றாய். எவ்வளவு பெருமை உன் குரலில்! அன்று கலைமதி மருத்துவமனையில் கிடப்பதை அறிந்தும், "சரிம்மா" என்றேன். மகளின் முன் தாழ்ந்துபோக அப்போதும் எனக்கு மனம் வரவில்லை.

உனக்கு இது ஆறாம் மாதம். இம்மடல் கண்ட மறுநாளே உன் மருத்துவரிடம் செல். உன் ஐயங்கள் அத்தனையும் கேள். வளவனுக்கும் போடலாமா என்று கேள். நான் சொல்கிறேன் என்பதற்காகப் போட்டுக்கொள்ளாதே, அவர் சொல்வதைக் கேட்டுப் போட்டுக்கொள். என் சொல்லுக்கு நீ தந்த மதிப்பை நான் காப்பாற்றவில்லை.

போட்டுக்கொண்டதும் ஒரே ஒரு சொல் எழுது. என்மீது சினம் வந்தால் அதையும் சேர்த்து எழுது, அம்மா. இரு பிள்ளைகளையும் மடியில் வைத்து நீ நெடுங்காலம் வாழ வேண்டும்.

உன்
நைனா