சுவரில் மினுங்கிய வெள்ளிகள்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையிலிருந்து புகை மாதிரி மழை. ஜன்னலுக்கு அப்பால் லண்டனின் இந்த மூலை, செவன் கிங்ஸ், இருக்கிறதா, கரைந்து போய்விட்டதா தெரியவில்லை.

வாங்க: மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, உள்ளி, நல்லெண்ணெய். பேரனுக்கு நாப்பி. நல்ல விளைமீன் வந்திருந்தால் இரண்டு.

பேரன் பிறந்து ஒரு கிழமை. சின்னவன் ரமணனின் முதல் பிள்ளை. மருமகள் சுகந்தியின் தாய் வவுனியாவில், விசா கிடைக்கவில்லை. அதனால் பத்தியக் கறி, சரக்குத் தண்ணீர், வேப்பிலை அவித்த குளிப்பு எல்லாம் என் பொறுப்பு. (வேப்பிலை பிறீசரிலிருந்து. பரவாயில்லை, கசப்பு போகவில்லை.) முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். “ஓம் மாமி” என்றாள். எதைச் சொன்னாலும் ஓம் மாமிதான். தங்கமான பிள்ளை.

மத்தியானம் பேரன் மடியில். நித்திரையில் சிரித்தான், யாரைக் கண்டானோ. ஹீற்றர் சூடு, மல்லி அவியும் வாசம். இந்த அறை மட்டும் வீட்டைவிட்டுக் கழன்று, மழைக்குள் மெல்ல மிதந்து போவது போல. நானும் கண் அயர்ந்திருக்க வேண்டும். எழும்பியபோது கால் மரத்துக் கிடந்தது. அசைக்க மனம் வரவில்லை.

பெப்ரவரி 4, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை.

அபி வந்தாள். மூத்த மகளின் மகள். ஆஸ்பத்திரியில் மிட்வைப். நீல உடுப்போடு வாசலில் நின்றபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பார்த்தாள். பார்க்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி கை பிடித்து இந்த ஊருக்குள் எத்தனை பிள்ளைகள் வந்திருக்குதுகள்!

தமிழ்த் தாய்மாருக்கு ஒரு வீடியோ எடுக்க வேண்டுமாம். பேச நான் வேண்டுமாம்.

“நீயே கதையன்.”

“நான் கதைச்சா அன்ரிமார் சிரிப்பினம், அம்மம்மா. என்ட தமிழ் அவைக்குப் பகிடி. நீங்க சொன்னா கேப்பினம்.”

“என்னத்தைக் கேக்க?”

“இந்த நாட்டிலயும் பிள்ளை பெத்த அம்மாமார் சாகினம். வெள்ளனச் சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். அதான் கஷ்டம். சும்மா தலையிடி எண்டு வீட்டில இருந்திடுவினம்.”

எழுதித் தந்தாள். பிள்ளை பிறந்த பிறகும் ஆறு கிழமைக்குக் கவனம் வேண்டும். தலையிடி குறையாவிட்டால், கண்ணுக்குள் மினுங்கினால், முகமும் கையும் திடீரென்று வீங்கினால், மூச்சு முட்டினால், இரத்தம் கூடப் போனால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்புவிப்பது போல ஒப்புவித்தேன். ஒரு சொல் பிசகவில்லை. “சூப்பர் அம்மம்மா, ஒரே மூச்சில!” நீலச் சேலை கட்டியிருக்கலாம். இந்த மஞ்சளில் கழுத்துக் கறுப்பாகத் தெரிகிறது.

மருமகள் சு. மேல்மாடியில் படுத்திருந்தாள். அவளுக்குக் காட்டவில்லை. நித்திரை கொள்ளட்டும்.

பெப்ரவரி 6, வெள்ளி

நல்ல குளிர். கார்க் கண்ணாடியெல்லாம் பனிப்பூ.

ஊர்க்காரி செல்வமக்கா பிள்ளை பார்க்க வந்தாள். தங்கக் காப்பு, ஒரு பை தோடம்பழம், வாய் நிறையக் கதை. சு. படியால் இறங்கி வந்ததுதான் தாமதம், தொடங்கிவிட்டாள்.

“எடி பிள்ளை! என்ன இப்பிடிப் பூரிச்சுப் போய் நிக்கிறாய்? கன்னம் ரெண்டும் பாண் மாதிரி. மாமியின்ர கைப்பக்குவம் முகத்தில தெரியுது!”

உள்ளே குளிர்ந்தது எனக்கு. உண்மைதான், முகம் வட்டமாக, மினுமினுப்பாக. என்னுடைய சரக்குக் கறி.

அவள் போய்ச் சற்று நேரத்தில் சு.வுக்குத் தலையிடி. இது செல்வமக்காவின் வாயேதான். சந்தேகமே இல்லை. உப்பு, செத்தல் மிளகாய், தலையைச் சுற்றி மூன்று தரம், சட்டியில் போட்டேன். வீட்டின் அலாரம் கத்தத் தொடங்கிவிட்டது. ரமணன் கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்குகிறான்.

“அம்மா, கண்ணூறு போக முதல் பயர் எஞ்சின் வரப்போகுது!”

சு.வும் சிரித்தாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டே. ஒரு பரசிற்றமோல், மல்லித் தண்ணீர். படுத்துவிட்டாள்.

பெப்ரவரி 7, சனி, காலை

வெயில்! எத்தனை நாளுக்குப் பிறகு. குளிப்பாட்டின துணியெல்லாம் பின்வளவில். பேரன் வெயிலில் கை விரிக்கிறான், பூப் பூக்கிற மாதிரி. சு. இன்னும் எழும்பவில்லை. கனவு காணட்டும்.

பெப்ரவரி 8, ஞாயிறு

நேற்றையதை எழுத வேண்டும். எழுத்துக் கோணல்.

மத்தியானம் சோறு கொண்டுபோனேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மெல்லத்தான் சொன்னாள், பாட்டுப் போல.

“மாமி, சுவரில வெள்ளி மினுங்குது.”

“என்ன வெள்ளி, பிள்ளை?”

“சின்னச் சின்னதா... வானத்தில மாதிரி. வடிவா இருக்கு.”

நானும் பார்த்தேன். செல்வமக்கா தந்த காப்பில் வெயில் பட்டுத் தெறிக்கிறது என்று நினைத்தேன். சிரித்தும் இருப்பேன். தாய், பிள்ளை, வெயில், சுவரெல்லாம் வெள்ளி. எவ்வளவு நல்ல நேரம் என்று ஒரு எண்ணம். திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

“இப்பவும் மினுங்குது, மாமி. கண்ணை மூடினாலும் மினுங்குது.”

அப்போதுதான் கையைப் பிடித்தேன். தாலி கட்டின நாள் மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. திருப்ப ஏலவில்லை. விரல் விரலாக இல்லை.

“தலையிடி?”

“நேத்தையான்தான். விடேல்ல.”

“ஏன் சொல்லேல்ல?”

“சொன்னா திரும்ப மிளகாய் எரிப்பியள்...”

எனக்கு என் குரலே கேட்டது. புதன்கிழமைக் குரல். தலையிடி குறையாவிட்டால். மினுங்கினால். முகமும் கையும் வீங்கினால். ஒன்று ஒன்றாக. என் வாயால் சொன்னது, என் காதுக்குள் இப்போதுதான் விழுந்தது.

அபிக்குப் போன். அவள் இங்கிலீசுக்கு மாறிவிட்டாள், எனக்கு விளங்கவில்லை. பிறகு தமிழில், “அம்மம்மா, ஆம்புலன்ஸ் நான் கூப்பிடுறன். அவவைத் தனிய விடாதேங்கோ. கதைச்சுக் கொண்டிருங்கோ.”

ரமணன் பிள்ளையைத் தூக்கியபடி வாசலில் நின்றுவிட்டான். “அம்மா, நீங்கள்தானே முப்பத்தொண்டு கழியாமல் தாண்டக் கூடாது எண்டனியள்?”

“இப்ப தாண்டு எண்டு சொல்லுறனும் நான்தான். நட!”

என்ன கதைத்தேன் அவளோடு? பிள்ளைக்கு என்ன பேர் வைக்கலாம் என்று. வாயில் வந்த பேரெல்லாம். “ஓம் மாமி” என்றாள் எல்லாப் பேருக்கும்.

பிரஷர் மிக மோசமாம். மருந்து நரம்பால் ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் வலிப்பு வந்திருக்கும், அதற்குப் பிறகு சொல்ல ஏலாது என்றாள் அபி. என்னைத் திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். திட்டவில்லை. தோளில் கை போட்டாள், அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் இல்லை. பேரனும் தாயோடு. அவள் படுத்த இடத்தில் படுத்துச் சுவரைப் பார்த்தேன். வெள்ளைச் சுவர்.

பெப்ரவரி 11, புதன்

மறுபடி மழை.

ஆஸ்பத்திரி. பஸ்ஸில் மாறி ஏறி, திரும்பி வந்து, ஒருவாறு போய்ச் சேர்ந்தேன். சு. சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளை நெஞ்சில். முகம் வற்றி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. இவ்வளவு அழகாக அவளை நான் கண்டதில்லை.

“மாமி, இப்ப ஒண்டும் மினுங்கேல்ல.”

“உண்மையா? எனக்காகச் சொல்லாதை.”

“உண்மையாத்தான், மாமி.” இரண்டு தரம் கேட்டேன்.

செல்வமக்கா போனில் அழுகை. “நான் சொன்ன சொல்லோ?”

“உன்ர நாக்குமில்லை, கண்ணுமில்லை. பிரஷர்.”

“பிரஷரோ? அது எங்கட வயசுக்காரருக்கெல்லோ வாறது!”

“பிள்ளை பெத்தவைக்கும் வரும். பெத்த பிறகும் வரும். எல்லாருக்கும் சொல்லு. உன்ர வாய்க்கு இப்பதான் வேலை.”

பெப்ரவரி 12, வியாழன்

அபியிடம் பழைய வீடியோவை அழிக்கச் சொன்னேன். “வடிவா இருந்துதே அம்மம்மா!” வடிவுதான் பிழை. குசினியில், மேலில் இருந்த வீட்டுச் சேலையோடு, தாளைப் பார்க்காமல் சொன்னேன்.

“மாமிமாருக்கும் தாய்மாருக்கும் சொல்லுறன். பிள்ளை பூரிச்சிருக்கிறாள் எண்டு பெருமைப்பட முதல் தலையிடி இருக்கோ எண்டு கேளுங்கோ. கண்ணுக்குள்ள மினுங்குதோ எண்டு கேளுங்கோ. ஒண்டுமில்லை எண்டால் திரும்பக் கேளுங்கோ. எங்களுக்குப் பயத்தில சொல்லாமல் விடுவினம். முப்பத்தொண்டு பாக்க வேண்டாம். கொண்டு ஓடுங்கோ.”

நடுவில் அழுகை வந்துவிட்டது. வெட்டிவிடு என்றேன். வெட்டமாட்டாளாம்.

பெப்ரவரி 15, ஞாயிறு

இளவெயில். நேற்று சு. வீட்டுக்கு வந்தாள். குளிசை காலையும் மாலையும். பிரஷர் பார்க்கும் பெட்டி தந்திருக்கிறார்கள். கையில் கட்டி ஊதும்போது பேரன் கண் வெட்டாமல் பார்க்கிறான்.

கறிக்கு உப்பு இல்லை. சு. வாய் திறந்து சொன்னாள், “மாமி, சப்பெண்டு கிடக்கு.” சந்தோஷம்.

இப்போது ஒரு போன். லண்டனின் தெற்கே, டூட்டிங்கிலிருந்து. தெரியாத குரல், நம்பரை யார் கொடுத்ததோ.

“வீடியோவில வந்த அம்மா நீங்களோ? மகளுக்குப் போன கிழமை பிள்ளை பிறந்தது. தலையிடி எண்டுறாள். பத்துப் போடவோ எண்டு கேக்கத்தான்...”

“முகம் எப்பிடி?”

“பூரிச்சுத்தான் இருக்கிறாள்.”

“தங்கச்சி, என்னோட கதையாதேங்கோ. போனை வைச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு எடுங்கோ.”

“இல்லை அக்கா, ஒருக்கா மருமகனிட்டக் கேட்டு...”

“வையுங்கோ!”

வைத்துவிட்டாள். அவள் பேர்கூட நான் கேட்கவில்லை.