வட்டத் தாளில் ஒரு வரி

என் பிரியமுள்ளவருக்கு,

'ஏனுங்க' என்று நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நீங்கள் இல்லாமல் ஏழு மாதம் ஓடிவிட்டது.

நேற்று கருப்பாயியின் மகன் பட்டாளத்திலிருந்து வந்து சேர்ந்தான். ஒரு காது மட்டும் கேட்கவில்லை, மற்றபடி சுகம். நம் மலையில் பெரக்கரை நாட்டுச் சனமே அவள் வாசலில் கூடிவிட்டது. இதை முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அவனுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி அவள் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவன் பர்மாப் பக்கம் போயிருந்தான். போர்க்காலம். உங்கள் பள்ளிக்கூடத்துக்கே தாள் வரவில்லை, மலைக்குக் கீழே சந்தையிலும் கிடைக்கவில்லை. மூன்று முறை நடந்து வந்து வெறுங்கையோடு திரும்பினாள். அப்புறம்தான் நீங்கள் பழைய காலண்டர், பொட்டலத் தாள், பிள்ளைகள் எழுதி முடித்த நோட்டு என்று எல்லாவற்றையும் கிழித்துப் பானையில் ஊறப் போட்டீர்கள். இரண்டு நாள் கழித்து உரலில் இடித்து, கூழை அண்டாத் தண்ணீரில் கரைத்து, என் மாவுச் சல்லடையால் அள்ளிப் பழைய வேட்டியில் கவிழ்த்துக் காய வைத்தீர்கள்.

எனக்கு வந்ததே கோபம். "சாமை குத்துற உரலுங்க அது. குப்பை இடிக்கவா உங்களுக்கு வாத்தியாரு வேலை குடுத்தாங்க?" என்றேன். நீங்கள் பாட்டுக்கு இடித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேச்சு இன்றும் என்னை உறுத்துகிறது.

தோசை போல வட்டமாகத் தாள் வந்தது. பேனாவை வைத்ததும் மை ஊறிப் பரவியது. நீங்கள் வாடிப்போய் உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மரவள்ளி மாவில் நீர்க்கக் கஞ்சி காய்ச்சி, துணிக்குப் போடுவது போலத் தாளில் தடவினேன். காய்ந்ததும் செம்பின் அடியால் தேய்த்தேன். எழுத்து நின்றது. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கருப்பாயிக்கு ஆள் அனுப்பினீர்கள்.

அடுத்த மழையில் மலைக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. உங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நீங்கள் பாட்டு எழுதி வைத்திருந்த நோட்டில் அட்டை மட்டும் கிடந்தது. பழந்தாள் போதாமல் அதையும் உரலில் போட்டிருக்கிறீர்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் தடுத்திருப்பேன் என்றா?

நேற்று அவன் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அவன் அம்மா சொன்னதையெல்லாம் உரக்க வாசித்தேன். அடியில் உங்கள் சொந்த வரி இருந்தது: "தம்பி, இந்தத் தாள் கிழியாமல் உன் கைக்கு வந்தால் அது என் வீட்டுக்காரியின் கைவேலை. அவளிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சம்."

அதையும் வாசித்துவிட்டுத் தாளை நீட்டினேன். கருப்பாயி அந்த அடிப்பகுதியை மடித்து, நகத்தால் நீவி, மெதுவாகக் கிழித்து என் கையில் வைத்தாள்.

"நான் சொன்னது எம்மவனுக்கு. வாத்தியாரு சொன்னது உனக்குத்தான் கண்ணு. வெச்சுக்க."

என் அண்ணன் மலையை விட்டுக் கீழே வந்துவிடச் சொல்லி ஆள் மேல் ஆள் விடுகிறார். நான் போகவில்லை. இன்று காலை பைல் நாட்டிலிருந்து ஒருத்தி வந்திருக்கிறாள், கட்டிக்கொடுத்த மகளுக்கு எழுத வேண்டுமாம். என் எழுத்து கோணல், ஒற்றும் அங்கங்கே விட்டுப்போகும். ஆனாலும் கடிதம் கேட்டு வருகிற யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அவள் வாசலில் காத்திருக்கிறாள். போய் எழுதுகிறேன்.

உங்கள் ஊட்டுக்காரி,
செல்லம்மாள்