பறக்காத நாற்காலி

அக்கா,

இன்று சாயங்காலம் ஏற்காட்டு மலைப் பக்கமிருந்து மண்வாசனையோடு காற்று கிளம்பியது. அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்கு ஓடினேன். உங்கள் இரும்பு நாற்காலியைச் சுவரோடு பிணைத்திருக்கும் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு கோடையில்தான் புற்றுநோய்ச் சிகிச்சைக்காகப் பரமத்தி வேலூரிலிருந்து என் பக்கத்து வீட்டுக்கு, உங்கள் மகனிடம் வந்தீர்கள். மருந்து ஏறிய நாட்களில் அறைக்குள் உங்களுக்கு மூச்சு முட்டும். பால்கனியில் உட்கார்ந்தால்தான் இரண்டு வாய் கஞ்சி இறங்கும். ஒருநாள் மழைக்கு முந்திய சூறைக்காற்று, நீங்கள் எழுந்துபோன பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி ஐந்தாம் மாடியிலிருந்து எறிந்தது. கீழே ஒரு பைக்கின் கண்ணாடி நொறுங்கியது. நல்லவேளை, ஆள் யாருமில்லை.

மறுநாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். "பால்கனியில ஒரு சாமானும் இருக்கக் கூடாதுங்கம்மா. யாரு தலையிலயாச்சும் விழுந்திருந்தா?"

உங்கள் மகனும் தலையாட்டினார். நீங்கள் கதவைப் பிடித்தபடி நின்று, "நீங்க சொல்றது நாயந்தானுங்க. ஆனா நா உள்ளயே கெடக்க மாட்டேன். பறக்காம பண்ணிட்டாச் சரிதானுங்களே?" என்றீர்கள்.

வேறொரு நாற்காலியைத் துணி காயப்போடும் கயிற்றால் நாம் இருவரும் பால்கனிக் கம்பியில் கட்டினோம். அடுத்த காற்றில் முடிச்சு நழுவி அது உருண்டு கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. முடி கொட்டிய தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீங்கள், "அழுதாக் காத்து நின்னுருமா? எந்திரி சாமி" என்றீர்கள்.

ஊரிலிருந்து கனத்த இரும்பு நாற்காலி வந்தது. ஆள் வைத்துச் சுவரில் கொக்கி பதித்து, லாரியில் சரக்கு கட்டும் பெல்ட்டைக் கால்களில் கோத்து இறுக்கினோம். விளிம்பிலிருந்த பூந்தொட்டிகளையும் தரைக்கு இறக்கினோம். செயலாளர் தன் பலமெல்லாம் சேர்த்து ஆட்டிப் பார்த்தார்.

"இருக்கட்டுங்கம்மா. காத்தடிச்சா மட்டும் நீங்க உள்ள வந்துரணும்."

"நா வந்தர்றேனுங்க. சேருதான் வராது."

அவரும் சிரித்துவிட்டார்.

ஐப்பசி மழை ஓயும்வரை அதில் உட்கார்ந்து மலையைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. வீடு மாறியபோது உங்கள் மகன் அதை எனக்குக் கொடுத்தார். என் பால்கனியிலும் அதே மாதிரி கொக்கி பதித்துக் கட்டிவைத்தேன்.

இப்போது என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். இனி கட்டிலோடுதான் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் பிடிவாதம் கொஞ்சம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, அக்கா. தோள் கொடுத்து அவரைப் பால்கனிவரை கூட்டிவரப் பார்க்கிறேன். இன்று கூடத்தின் பாதிவரை வந்தோம். நாளை மீதி.