நீ அச்சடித்த மண் சுவர்

செல்லத் தம்பி சரவணனுக்கு,

முதலில் நல்ல சேதி. வேங்கிக்காலில் நீ தொடங்கிய வீடு எழுந்துவிட்டது. கூரையும் போட்டாயிற்று. மூன்று நாள் அடித்த மழையிலும் சுவர் கரையவில்லை. நான் தோற்றேன், போதுமா?

இயந்திரக் கை ஒன்று முறுக்குப் பிழிவதுபோல் மண்ணை வரிவரியாகப் பிழிந்து வீடு கட்டும் என்று நீ சொன்னபோது எப்படிச் சிரித்தேன்! அஸ்திவாரம் தோண்டிய மண்ணையே சலித்து, வைக்கோலும் சுண்ணாம்பும் கலந்து அதற்கு ஊட்டினாய். சூளைப் புகை இல்லை, சிமென்ட் கம்மி. என்ன மூளைடா உனக்கு!

ஆனால் பௌர்ணமியை மறந்துவிட்டாயே. ஊரே கிரிவலம் வருகிற நாளில் தண்ணீர் லாரி எப்படி வரும்? சுவரை இடுப்பு உயரத்தில் விட்டுவிட்டு நீயும் மலையைச் சுற்றப் போய்விட்டாய். திரும்பி வந்து காய்ந்த மண்மேல் ஈர மண்ணைப் பிழிந்தாய். ஒட்டாமல் பிளந்துகொண்டது. அதைச் சரிசெய்வதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

காரியம் முடிந்ததும் மேஸ்திரி வந்தார். "இடிச்சிட்டு செங்கல்ல கட்டிடலாம்மா. மழை வந்தா நிக்காது" என்றார். நானும் தலையாட்டினேன். உன் மனைவி செல்விதான் அசையவில்லை.

"கூடவே நின்னு மண்ணு கலந்தவ நான். ஒரு தடவை மெஷின ஓட்டிப் பாக்குறேன் அண்ணி. நிக்கலன்னா நீங்க சொல்றபடி இடிச்சிடலாம்" என்றாள்.

பிளந்த வரிகளைச் சுரண்டி எடுத்தாள். காய்ந்த விளிம்பைக் கொத்திவிட்டு, ஈரச் சாக்கு போட்டு ஊறவைத்தாள். ஒரு பௌர்ணமி கழிந்த மறுநாள் தொடங்கி, அடுத்த பௌர்ணமிக்கு முன்பே சுவரை முடித்துவிட்டாள். லேப்டாப்பும் கையுமாக அவள் அந்த இயந்திரத்தை அதட்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நேற்று மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இறுகிடுச்சும்மா. இடுப்பு உயரத்துல மட்டும் ஒரு கோடு தெரியுது. பூசி மறைச்சிடட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க மேஸ்திரி" என்றாள் செல்வி. "அந்தக் கோடு வரைக்கும் அவரு கட்டினது."

நான் வெளியே போய் அழுதேன், சரவணா.

நான் இருக்கிறவரை அந்தக் கோட்டின்மேல் ஒருவரையும் பூச விடமாட்டேன்.

உன்னைத் திட்டித் திட்டியே வளர்த்த அக்கா,
மல்லிகா