சான்றிதழில் இல்லாத சொல்

மார்ச் 4, செவ்வாய்

தங்கையின் பாலை இன்று பால் சங்கம் திருப்பி அனுப்பிவிட்டது. சோதனைத் தாளில் வரவேண்டிய கோடு வரவில்லையாம். பாலில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். உறுப்பினர் அட்டை முடக்கம். விசாரணை இருபதாம் தேதி. குற்றம் உறுதியானால் அட்டை நிரந்தரமாக ரத்து. அவளுடைய நான்கு மாடுகளும் அந்த அட்டையை நம்பித்தான் நிற்கின்றன.

அவள் ஊசி போடவே இல்லை. கடைசியாக வந்து முதலில் தின்பதால் 'ஆபீசர்' என்று பெயர் பெற்ற மாட்டுக்கு மடிவீக்கம். காம்புவழி ஏற்றும் மூலிகை மருந்து மட்டுமே கொடுத்தாள். அதை வாங்கித் தந்தவன் நான்.

மார்ச் 5

சங்கத்துக்குச் சென்றேன். செயலாளர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"ஊசிய போட்டுட்டு மூலிகைம்பாங்க. தினம் நாலு பேர் சொல்ற கதைதான் சார்."

பாலைச் சோதித்த பெண்ணிடம் கேட்டேன்: தாளின் காலாவதித் தேதி என்ன? எந்தக் குளிரில் வைத்திருந்தீர்கள்?

"ரெண்டு தடவ பாத்தேன் சார். கோடு வரல."

மாட்டுக்கு நோய் என்று சங்கத்தில் தானாகவே முன்வந்து சொன்னவள் என் தங்கை ஒருத்திதான். சொன்னவள் மீது பழி; மறைத்தவர்கள் வரிசையில் நின்று பால் ஊற்றுகிறார்கள். இதற்குப் பெயர் ஒழுங்குமுறையா?

மார்ச் 6

சங்கத்துக்கு என் கையெழுத்திலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன். ஏழு பத்திகள். ஐந்தாவது, சோதித்த பெண்ணின் கவனக்குறைவைப் பற்றியது. அவரைப் பணிநீக்கம் செய்யக் கோரியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தங்கை வீடு. அவள் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை.

"நான் அரைக்கிறதையே தடவியிருந்தா இந்த வம்பே இல்லண்ணே."

கற்றாழை, மஞ்சள், சிறிது சுண்ணாம்பு. மடியைக் கழுவிக் கழுவி நாள் முழுதும் தடவுவாள். காய்ச்சல் கண்டால் மட்டும் மாட்டு டாக்டரை அழைப்பாள். அவர் ஊசி போட்டால், அவர் சொன்ன நாள்வரை பாலைக் கீழே கொட்டுவாள். ஆறு ஆண்டுகளில் ஒரு முறைகூடக் கோடு தவறியதில்லை. தடுத்தவன் நான்தான். அளவு கிடையாது, தயாரிப்புத் தொகுதி எண் கிடையாது, நாளை ஒரு கேள்வி வந்தால் காட்டுவதற்கு ஒரு தாள் கிடையாது என்றேன்.

மாப்பிள்ளை வைக்கோலை உதறிக்கொண்டே அவளிடம் சொன்னார்: "நமக்கு மடிவீக்கம் வத்தணும். உங்கண்ணனுக்கு ஃபைல் நிறையணும்."

சிரிப்பு வரவில்லை.

மார்ச் 10

மாட்டு டாக்டரைச் சாட்சியாக அழைக்கச் சென்றேன். "அந்த மருந்தையே சோதிச்சீங்களா?" என்றார்.

"மருந்தோடு வந்த சான்றிதழ் இருக்கிறது."

"சரி, அதுல எதைச் சோதிச்சதா போட்டிருக்கு?"

வீடு திரும்பி எடுத்துப் பார்த்தேன். ஆறு பக்கங்கள். கையெழுத்து, முத்திரை, தேதி, பக்க எண் — ஒவ்வொன்றின் அருகிலும் என் பென்சில் குறி. சோதித்தவை ஈயம், பாதரசம், பூஞ்சை. ஆன்டிபயாடிக் என்ற சொல்லே இல்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறர் ஆவணங்களில் ஓட்டை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறவன் நான்.

மீதமிருந்த மருந்தை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

மார்ச் 17

அறிக்கை வந்தது. மருந்தில் ஆன்டிபயாடிக் இருக்கிறது. கொஞ்சநஞ்சமல்ல.

பெட்டிமேல இலையப் போட்டு, பூவப் போட்டு, 'இயற்கை'ன்னு கொட்டை எழுத்துல அடிச்சு, உள்ள அதையே ஊத்தி வித்திருக்கான். அடப்பாவி. அதனால்தானே ரெண்டே நாள்ல வீக்கம் வத்துச்சு? நானும் அதைப் பார்த்து, "பார்த்தாயா, முறையான மருந்து" என்று அவளிடம் பெருமை பேசினேனே. இவனால்தான் உண்மையிலேயே கற்றாழை அரைப்பவளையும் ஊரார் பொய்க்காரி என்கிறார்கள்.

உற்பத்தியாளர் மீது புகார் தயாரித்துவிட்டேன். இம்முறை எல்லாப் பக்கங்களையும் படித்தேன்.

மார்ச் 18

நோட்டீஸைத் திரும்பப் பெற்றேன். சோதித்த பெண்ணிடம் எழுத்து வடிவில் மன்னிப்புக் கடிதம் தந்தேன். மடித்து வைத்துக்கொண்டார்.

"வேலை போயிரும்னு வீட்ல கூடச் சொல்லல சார்."



மார்ச் 20

விசாரணை. வழக்கறிஞனாக அல்ல, சாட்சியாக நின்றேன்.

"மருந்தை வாங்கச் சொன்னது யாரு?" என்று செயலாளர் கேட்டார்.

"நான்."

"வாங்குறப்ப சோதிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை."

எச்சரிக்கையோடு அட்டை திரும்பக் கிடைத்தது. தங்கை வெளியே வந்து, "வெயில்ல நிக்காத, வா" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 12

தங்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். செவலைப் பசுவுக்கு மடி வீங்கி, அரைத்துத் தடவி, வற்றியும் போய் நான்கு நாளாகிறதாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பேப்பரோட வருவ."

வீங்கிய அன்று காலையிலேயே அவள் போய்ச் சொன்னது, பாலைச் சோதிக்கும் அந்தப் பெண்ணிடம்.